அழித்துத் திருப்பி அனுப்பவும்

என் மனைவி என்ன வேலை பார்க்கிறாள் என்று யாராவது கேட்டால் நான் முதலில் ஒரு பெருமூச்சு விடுவேன். டாக்டர், டீச்சர் என்றால் ஒரே சொல்லில் தீர்ந்துவிடும். அவளுடையது அப்படித் தீராது. இரண்டு வயலின், அதைவிடக் கொஞ்சம் பெரிய வியோலா ஒன்று, இன்னும் பெரிய செல்லோ ஒன்று என்று நான்கு பேர் உட்கார்ந்து வாசிப்பார்கள். அதை ஒலிப்பதிவு செய்வார்கள். ஒரே பகுதியை இருபது தடவை, முப்பது தடவை வாசிப்பார்கள். ஒவ்வொரு தடவைக்கும் டேக் என்று பெயர். அந்த நூற்றுக்கணக்கான டேக்குகளில் எதிலிருந்து எந்த இரண்டு நொடியை வெட்டி எதோடு ஒட்டினால் முழு இசையும் பிழையில்லாமல் வரும் என்று முடிவு செய்கிறவள் அவள். வெட்டி ஒட்டுகிறவளும் அவளே.

அதுவும் காதுக்கு இதமான பழைய இசை என்றால் ஒருவகை. அவளிடம் வந்து சேர்வதெல்லாம் இன்றைக்கு உயிரோடு இருப்பவர்கள் எழுதிய இசை. ஒருவர் ஏழாக எண்ணும்போது பக்கத்தில் இருப்பவர் பதினொன்றாக எண்ணுவார். ஒரு சுரத்தை நாலாக வெட்டி அதில் ஒரு துண்டை மட்டும் வாசிக்கச் சொல்வார்கள். வில்லைத் திருப்பிப் பிடித்து மரத்தால் தட்டச் சொல்வார்கள். நான் மூக்குக் கண்ணாடிக் கடைக்காரன். முதல் தடவை கேட்டபோது, பக்கத்து வீட்டில் யாரோ கட்டிலை இழுத்துப் போடுகிறார்கள் என்றுதான் நினைத்தேன்.

"இதுக்கு எதுக்கு இத்தனை டேக்? எப்படி வாசிச்சாலும் யாருக்குத் தெரியப் போகுது?" என்று கேட்டேன்.

"எழுதினவருக்குத் தெரியும். எனக்குத் தெரியும்" என்றாள்.

இருபத்திரண்டு வருஷம் அந்த 'எனக்குத் தெரியும்' மேல்தான் எங்கள் குடும்பம் நடந்தது.

அவள் அப்பா பஸ் டிப்போவில் நேரம் குறிக்கிற வேலையில் இருந்தார். அவருடைய கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்து வண்டிகளை எண்ணியே வளர்ந்தவள் இவள். ஒரு தடத்தில் ஏழு நிமிஷத்துக்கு ஒன்று, இன்னொன்றில் பதினொன்றுக்கு ஒன்று. எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் மனதுக்குள் ஓடவிட்டு, அடுத்து வாசலில் எது வந்து நிற்கும் என்று அப்பாவுக்கு முன்னால் சொல்லிவிடுவாளாம். வயலினும் கற்றாள். சுமார்தான், அதை அவளே சொல்வாள். பதினெட்டு வயதில் ஓர் ஒலிப்பதிவுக்குப் பக்கம் புரட்டப் போனாள். அங்கே வாசித்தவர்கள் எண்ணிக்கையில் தொலைந்துபோய் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றபோது, பக்கம் புரட்ட வந்த இவள், "வயலின் நூத்திப் பதினாலாவது கட்டத்துல இருக்கு, செல்லோ இன்னும் நூத்திப் பன்னிரண்டுலயே நிக்குது" என்றிருக்கிறாள். அன்றைக்கே வேலைக்கு வைத்துக்கொண்டார்கள்.

என் கடைக்கு அவள் முதலில் வந்தது கண் பரிசோதிக்க. எழுத்துப் பலகையைப் படிக்கச் சொன்னேன். "இது எனக்கு வேணாம்" என்று பையிலிருந்து மேசை அகலத்துக்கு ஒரு புத்தகத்தை எடுத்துப் பிரித்தாள். நான்கு பேரும் வாசிக்க வேண்டியதை ஒன்றன்கீழ் ஒன்றாக அச்சடித்த புத்தகம் அது. ஸ்கோர் என்பார்கள், தாளக் கணக்குக்குக் கோடு போட்டுக் கட்டம் கட்டமாகப் பிரித்திருக்கும். "இந்த நாலு வரியும் ஒரே பார்வையில தெரியணும். அதுக்கு ஒரு கண்ணாடி போடுங்க." கொண்டையில் ஒரு பென்சில் செருகியிருந்தது. ஒலிப்பதிவுக் கூடத்தில் அவள் பெயரே பென்சில்தான். மூன்று தடவை லென்ஸ் மாற்றிக் கொடுத்தேன். நாலாவது தடவை அவள் வந்தபோது லென்ஸில் கோளாறு ஒன்றும் இல்லை. அதை அவளும் ஒத்துக்கொள்ளவில்லை, நானும் கேட்கவில்லை.

அந்தப் பென்சிலைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். நான்கு பேரும் ஒரு அறையில் வாசிக்கும்போது இவள் அடுத்த அறையில், நடுவில் இருக்கும் கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம், ஸ்கோரை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஒவ்வொரு கட்டத்தின் மேலும் டேக் எண் எழுதுவாள். நன்றாக வந்தால் ஒரு டிக். எங்கே வெட்டலாமோ அங்கே ஒரு சாய்கோடு. நான்கு நாள் முடிவில் ஸ்கோரில் அச்சைவிடப் பென்சில்தான் அதிகம் இருக்கும். அதை வைத்துத்தான் பிறகு வீட்டில் உட்கார்ந்து ஒட்டுவாள். அந்தக் குறிகள் இல்லாவிட்டால் அறுநூறு டேக்கும் பெயரில்லாத குப்பை.

ஆனால் இந்தப் பெரிய ஸ்கோர்களை யாரும் விலைக்கு விற்பதில்லை. இசைப் பதிப்பாளரின் நூலகத்திலிருந்து வாடகைக்கு வரும். உள்ளட்டையில் ஒரு வரி அச்சிட்டிருக்கும்: பென்சில் குறிகள் எல்லாவற்றையும் அழித்துத் திருப்பி அனுப்பவும். அந்த அழிக்கிற வேலை என்னுடையது. கல்யாணமான முதல் வருஷமே அதை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். அவள் இசையில் எனக்குப் புரிந்த ஒரே பகுதி அதுதான். மென்மையான ரப்பர், லென்ஸ் துடைக்கிற பிரஷ், ஞாயிற்றுக்கிழமை, காபி. ஒரு தடம் தெரியாமல் அழிப்பேன். "உங்க கை பட்டா புதுசா அச்சடிச்ச மாதிரி இருக்கு" என்று நூலகத்தில் சொன்னார்களாம். அதை நான் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்று கணக்கில்லை.

எங்கள் சாப்பாட்டு மேசைக்கு ஒரு சட்டம் உண்டு. வேலை முடியாத ஸ்கோர் வலது ஓரத்தில் இருக்கும். முடிந்தது இடது ஓரத்துக்கு வரும். இடது ஓரத்தில் இருந்தால் நான் அழிக்கலாம். கேட்க வேண்டியதில்லை, சொல்ல வேண்டியதில்லை.

போன வருஷம் வந்தது அந்த நால்வர் இசை. எழுதியவருக்கு ஐம்பத்தெட்டு வயது. முகத்தில் சிரிப்பே வராத மனிதர். ஒரு கட்டத்தைத் திருத்த நாலு மாதம் எடுத்துக்கொள்கிறவர். பதினொரு வருஷத்துக்கு முன்னால் எழுதி முடித்திருந்தார். ஒரே ஒரு தடவை மேடையில் வாசித்திருக்கிறார்கள். நடுவில் இரண்டாவது வயலின் எண்ணிக்கையை விட்டுவிட்டு நின்றுபோக, எல்லாரும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு எழுந்துவிட்டார்கள். பிறகு யாரும் அதைத் தொடவில்லை. ஆக, தன் வாழ்நாள் வேலையை முதலிலிருந்து கடைசி வரை அவர் ஒரு தடவைகூடக் காதால் கேட்டதில்லை. இப்போது புதிதாக நான்கு பேர் மூன்று வருஷம் பயிற்சி செய்து வந்திருந்தார்கள். முதல் நாள் ஒலிப்பதிவுக்கு அவர் மூக்கில் ஆக்ஸிஜன் குழாயோடு வந்து என் மனைவி பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். இரண்டாம் நாள் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். நுரையீரல். இரண்டு வாரம் தாண்டுவது கஷ்டம் என்று அவருடைய தங்கையிடம் டாக்டர் சொல்லியிருந்தார்.

"பத்து நாள்ல முழுசா கொண்டு வந்து உங்களைக் கேட்க வைக்கிறேன் சார்" என்று ஒலிப்பதிவு முடிந்த அன்றே இவள் அவரிடம் வாக்குக் கொடுத்துவிட்டாள். சாதாரணமாக இந்த அளவு வேலைக்கு இரண்டு மாதம் பிடிக்கும். அறுபத்து நாலு பக்கம், அறுநூற்றுப் பதினொரு டேக். "உனக்குப் பைத்தியமா?" என்றேன். "குறி எல்லாம் சுத்தமா இருக்கு. முடியும்" என்றாள்.

வாக்குக் கொடுத்த மூன்றாம் நாள் ஞாயிறு. முதல் ஒன்பது பக்கம் ஒட்டி முடித்திருந்தாள். அதைச் சொல்லி அவருக்குத் தெம்பு கொடுத்துவிட்டு வருகிறேன் என்று ஆஸ்பத்திரிக்குப் போனாள். நான் மேசையில் பேப்பர் விரித்து, ஒரு வாடிக்கையாளரின் உடைந்த ஃபிரேமை ஒட்டிக்கொண்டிருந்தேன். பசை சிந்துமே என்று ஸ்கோரை எடுத்துத் தள்ளி வைத்தேன். எந்தப் பக்கம் என்று யோசிக்கவில்லை. ஃபிரேம் வேலை முடிந்து, பேப்பரைச் சுருட்டி எறிந்து, கை கழுவிவிட்டு வந்து பார்த்தால் இடது ஓரத்தில் ஒரு ஸ்கோர். அதன் மேல் நூலகத்தின் நினைவூட்டல் கடிதம் வேறு. அட, முடித்துவிட்டாளா, சொல்லவே இல்லையே என்று தோன்றியது. அவ்வளவுதான் தோன்றியது. அது எந்த ஸ்கோர் என்று அட்டையைக்கூடப் பார்க்கவில்லை. அவள் வருவதற்குள் முடித்து வைத்து அசத்த வேண்டும் என்று காபி போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.

நானே நகர்த்தினேன். நானே அழித்தேன். வேறு யார் தலையிலாவது போடலாமா என்று அன்றிலிருந்து யோசித்துப் பார்க்கிறேன், ஒருவரும் அகப்படவில்லை.

நாலரை மணிக்கு வந்தாள். "ஒன்பது பக்கம் முடிஞ்சுதுன்னு சொன்னேன். சிரிச்சார் தெரியுமா? அவருக்குச் சிரிக்கக்கூட வரும்!" என்று செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னாள். நான் கடைசிப் பக்கத்தைப் பிரஷால் தட்டிக்கொண்டிருந்தேன். "பாரு, புதுசு மாதிரி" என்று தூக்கிக் காட்டினேன்.

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வந்து ஸ்கோரை வாங்கி, முதல் பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாகத் திருப்பினாள். எங்கேயாவது ஒரு பக்கத்தை விட்டிருப்பேனா என்று பார்க்கிறாள் என்பது எனக்கு இருபதாம் பக்கத்தில்தான் புரிந்தது. அறுபத்து நாலும் பார்த்து முடித்துவிட்டு, "ரப்பர் தூள் எங்கே?" என்று கேட்டாள்.

"குப்பைக் கூடையில."

கூடையை எட்டிப் பார்த்தாள். தூளைப் பார்த்து என்ன செய்ய முடியும்? ஆனாலும் பார்த்தாள். பிறகு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஒரு போட்டோ எடுத்து வச்சிருக்கக் கூடாதா?" என்றேன். கேட்கிற கேள்வியா இது? அப்போது என் வாயில் அதுதான் வந்தது.

"இடது பக்கம் இருந்துச்சா?" என்றாள்.

"நான்தான் வச்சேன்."

அவள் கூடையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கடையைத் திறந்து லென்ஸில் கீறல் பார்க்கிற விளக்கை எடுத்து வந்தேன். அந்த விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் கண்ணுக்குத் தெரியாத கீறலும் நிழல் விழுந்து தெரியும். காகிதத்திலும் பென்சில் அழுத்திய பள்ளம் இருக்குமே என்று ஒரு நப்பாசை. பத்தாம் பக்கத்தை மேசையில் போட்டு, விளக்கைக் காகிதத்தோடு படுக்க வைத்தேன். முதலில் வெறும் வெள்ளை. கொஞ்சம் திருப்பினேன். ஓர் ஏழு தெரிந்தது. பக்கத்தில் ஒரு மூன்று.

"எழுபத்து மூணு!" என்று கத்தினேன். அவள் எழுந்து வந்தாள்.

அப்படித்தான் ஆரம்பித்தோம். கடைக் கதவில் பூட்டு, வாசலில் 'உடல்நலமில்லை' என்று ஒரு அட்டை. நான் பூதக்கண்ணாடியும் விளக்குமாகக் குனிந்து எண்களைப் படிப்பேன், அவள் பென்சிலால் திரும்ப எழுதுவாள். நன்றாக அழித்ததற்காக நானே என்னைத் திட்டிக்கொண்ட நாட்கள் அவை. ஒரு சோம்பேறிக்குக் கட்டிக் கொடுத்திருந்தால் அவளுக்கு எவ்வளவு வசதியாக இருந்திருக்கும்! அவள் நிச்சயமாக இருந்த இடங்களில் அழுத்தி எழுதியிருந்தாள், அதெல்லாம் கிடைத்தது. சந்தேகப்பட்ட இடங்களில் பென்சில் காகிதத்தைத் தொட்டும் தொடாமலும் போயிருந்தது. அங்கே டேக்குகளைத் திரும்பக் கேட்டு முடிவு செய்தாள். பகல் முழுக்கப் படிப்பதும் ஒட்டுவதுமாக மூன்று நாளில் முப்பத்தாறாம் பக்கம் வரை தேறியது. தப்பித்துவிட்டோம் என்றே நினைத்தேன்.

முப்பத்தேழு, முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது. அந்த மூன்று பக்கத்திலும் எண்ணே இல்லை. இருந்தாலும் படிக்க முடியவில்லை. கட்டத்துக்குக் கட்டம் சின்னச் சின்ன வட்டம் மட்டும் மெலிதாகத் தெரிந்தது. இசையில் அது எல்லாரும் மிக உயர்ந்த சுரத்தில் வாசிக்கிற இடம். விரலைத் தந்தியில் அழுத்தாமல், பட்டும் படாமல் வைத்து எழுப்புகிற மெல்லிய ஒலி, நான்கு பேரும் சேர்ந்து.

"இந்த வட்டம் என்னது?"

"ஒண்ணுமில்ல."

"சரி விடு. மூணு பக்கம்தானே? திரும்பக் கேட்டு நீயே முடிவு பண்ணிக்கோ. எத்தனை டேக்? முப்பதா? ஒரு மத்தியானம் போதும்."

அவள் ஹெட்ஃபோனை எடுத்து என் காதில் மாட்டி, ஒரு டேக்கை ஓடவிட்டாள். காதுக்குள் மிக உயரத்தில் ஊசி நூல் மாதிரி ஒரு ஒலி. இரண்டு நூல், மூன்று நூல்.

"கேக்குதா?" என்றாள்.

"கேக்குது. ஏன்?"

ஹெட்ஃபோனைத் தன் காதில் மாட்டி அதையே மறுபடி ஓடவிட்டாள். "எனக்கு வில்லு ஓடுற கரகரப்பு மட்டும்தான் கேக்குது. சுரம் கேக்கல."

எனக்குப் புரிய நேரம் பிடித்தது. "எவ்வளவு நாளா?"

"மூணு வருஷம் இருக்கும்."

வாஷிங் மெஷின் வேலை முடிந்து கீச் கீச்சென்று கூப்பிடும், இவள் துணியை எடுக்காமல் விட்டுவிடுவாள். ஃபிரிட்ஜ் கதவு திறந்திருக்கிறது என்று அது அலறும், இவள் பக்கத்திலேயே நின்று வெங்காயம் நறுக்குவாள். "உன் கவனம் எங்கே இருக்கு?" என்று கத்தியிருக்கிறேன். வெளியூரில் இருக்கும் மகள், "போன் அடிச்சா அம்மா எடுக்கவே மாட்டேங்கறாப்பா" என்று எத்தனையோ தடவை சொன்னாள். அம்மாவுக்கு வேலை ஜாஸ்தி என்றேன். ஊரில் இருக்கிற கண்ணையெல்லாம் தினம் சோதிக்கிறவன் நான்.

"அப்போ இத்தனை நாளா எப்படி..."

"பார்த்தேன்" என்றாள். "கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவங்க முகம் தெரியும்ல. சுரம் சரியா விழுந்தா முதல் வயலின்காரர் இடது புருவத்தைத் தூக்குவார். தப்புன்னா உதட்டைக் கடிப்பார். செல்லோக்காரங்க விரல் எங்க இருக்குன்னு பார்த்தா தெரிஞ்சிடும். அந்த வட்டமெல்லாம் பார்த்துப் போட்டது. கேட்டுப் போட்டது இல்ல. டேக்ல சத்தம்தான் இருக்கு. முகம் இல்ல."

எனக்குக் கோபம் வந்தது. அவள் மேல் வரவில்லை என்று எழுத ஆசைதான், ஆனால் முதலில் அவள் மேல்தான் வந்தது. மூன்று வருஷம் ஒரே வீட்டில் என்னிடம் மறைத்தாளே என்று. அது தணிந்த பிறகு என் மேல் வந்தது. அது இன்னும் தணியவில்லை. நான் அழித்தது திரும்ப எழுதக்கூடிய குறிப்புகளை இல்லை. அவளுக்கு மிச்சமிருந்த காதையே துடைத்து எடுத்து, பிரஷால் தட்டி, கூடையில் கொட்டியிருந்தேன்.

"அந்த நாலு பேரையே கேளு. என் வீட்டுக்காரன் ஒரு மடையன், அழிச்சுட்டான்னு சொல்லு."

"அவங்க வெளிநாட்டுல தினம் ஒரு ஊர்ல வாசிச்சுக்கிட்டிருக்காங்க. சொன்னா, 'அதனாலென்ன பென்சில், திரும்பக் கேட்டுக் குறிச்சுக்கோ'ம்பாங்க. அதைத்தானே நான் இத்தனை வருஷமா பண்றேன்?"

"உண்மையைச் சொல்லிடு."

"சொல்றேன். அவர் கேட்ட பிறகு சொல்றேன். இப்ப சொன்னா வேற ஆள் கைக்குப் போகும். அந்த ஆள் முதல் பக்கத்துல இருந்து ஆரம்பிக்கணும். அவருக்கு அவ்வளவு நாள் இல்ல."

ஆக, இருந்தது என் காது ஒன்றுதான். கட்டில் இழுக்கிற சத்தத்துக்கும் செல்லோவுக்கும் வித்தியாசம் தெரியாத காது.

ஒரு நாள் முழுக்க அந்த மூன்று பக்கத்தோடு உட்கார்ந்தோம். கடையில் நான் லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா, இது தெளிவா?" என்று கேட்பேன். இப்போது அவள் கேட்டாள். "ஒண்ணு நல்லாருக்கா, ரெண்டு நல்லாருக்கா?" சரியான சுரத்தைத் தனக்குக் கேட்கிற உயரத்துக்கு இறக்கி மெஷினில் வாசித்துக் காட்டி, "இது மேலதான் அது உட்காரணும். உட்காருதா?" என்பாள். முதல் ஒரு மணி நேரம் எனக்கு எல்லாம் ஒன்றாகவே இருந்தது. எல்லா லென்ஸும் ஒரே மாதிரி இருக்கு சார் என்று திணறும் கிழவர்களை நினைத்துக்கொண்டேன், அவர்களிடம் நான் எரிந்து விழுந்திருக்கிறேன். பிறகு மெல்ல மெல்ல, உட்காரும் சுரத்துக்கும் வழுக்கும் சுரத்துக்கும் வித்தியாசம் தெரிந்தது. சத்தியமாகத் தெரிந்தது. ஒவ்வொன்றாகக் கடந்தோம்.

முப்பத்தெட்டாம் பக்கம், இருநூற்றுப் பன்னிரண்டாவது கட்டம். மூன்று டேக் மிஞ்சியது. நானூற்று இரண்டு, நானூற்று ஏழு, நானூற்றுப் பதினொன்று. பத்துத் தடவை கேட்டேன். காது புளித்துவிட்டது. கடைசியில் இருந்ததில் கரகரப்பே இல்லை, சுத்தமாக இருந்தது.

"பதினொன்னு" என்றேன்.

"நிச்சயமா?"

"நிச்சயம்."

அவள் 411 என்று எழுதி, பக்கத்தில் என்னைக் குறித்து 'அவர்' என்று எழுதினாள், அழுத்தி.

"அது எதுக்கு?"

"யார் முடிவு பண்ணினதுன்னு எழுதணும்ல."

எனக்கு நிச்சயமில்லை. பசித்தது, களைத்துவிட்டேன், அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அதனால் நிச்சயம் என்று சொன்னேன்.

எட்டாம் நாள் காலையில் அவருடைய தங்கை போன் செய்தார். நான்தான் எடுத்தேன். "அண்ணன் கேக்குறாரு. இன்னைக்கே வர முடியுமா? நாளைக்குன்னு மட்டும் சொல்லாதீங்க." நாற்பதாம் பக்கத்திலிருந்து உள்ளதை இரவுகளில் படித்து ஒட்டியதில் ஐம்பத்தெட்டுப் பக்கம் முடிந்திருந்தது. கடைசி ஆறு பக்கத்துக்கு, நிறுத்தாமல் வாசித்த ஒரு நீளமான டேக்கை அப்படியே எடுத்து ஒட்டினாள். அதில் வியோலா ஓரிடத்தில் முந்திக்கொண்டு நுழையும். அவருக்குத் தெரியும், அவரே மன்னித்துக்கொள்வார் என்றாள்.

மத்தியானம் மூன்று மணிக்கு அந்த அறையில் வெயில் கட்டில் கால் வரை வந்திருந்தது. தலையணைகளை அடுக்கி அவரைச் சாய்த்து வைத்திருந்தார்கள். ஆக்ஸிஜன் குழாய் நழுவாமல் தங்கை ஹெட்ஃபோனை மாட்டிவிட்டார். அவர் மடியில் அவருடைய சொந்த ஸ்கோர். பக்கம் திருப்ப அவருக்கு விரலில் பலமில்லை. என் மனைவி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டாள். ஹெட்ஃபோனில் ஓடுவது அவளுக்குக் கேட்காது. எண்ணிக்கொண்டே, ஒவ்வொரு பக்கத்தையும் சரியான நொடியில் புரட்டினாள். நாற்பத்தொரு நிமிஷம். அவர் கண் ஒரு தடவைகூட அவளைத் தேடவில்லை, பக்கம் தானாகத் திரும்புகிற மாதிரிதான் இருந்தது. முப்பத்தெட்டாம் பக்கத்தில் அவருடைய ஆள்காட்டி விரல் போர்வையிலிருந்து ஒரு அங்குலம் எழுந்தது. பிறகு படுத்துக்கொண்டது.

முடிந்தபோது அவர் கண் நனைந்திருந்தது. பிறகு, "இருநூத்திப் பன்னிரண்டு" என்றார். "ரெண்டாவது வயலின். கால் சுரம் கீழே."

"சார், அது நான்..." என்று ஆரம்பித்தேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்து அமுக்கினாள்.

"ஆமா சார்" என்றாள்.

"உங்களுக்கு அது கேக்கலயா?"

"கேக்கல சார். மூணு வருஷமா கேக்கல."

அவர் அவளையே பார்த்தார். தங்கை என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

"அப்புறம் மத்ததெல்லாம் எப்படிச் சரியா இருக்கு?"

"பார்த்துக் குறிச்சேன் சார்."

அவர் சிரிக்கப் போனார், இருமல் வந்துவிட்டது. அது அடங்கியதும், பரவாயில்லை, விடுங்கள், அழகாக இருந்தது என்றெல்லாம் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். சாகப்போகிறவர் அப்படித்தான் சொல்வார் என்று எனக்கு ஒரு நினைப்பு.

"சரியான டேக் இருக்கா?" என்று கேட்டார்.

"இருக்கு. நானூத்தி ரெண்டு, இல்லன்னா நானூத்தி ஏழு."

"மாத்திக் கொண்டு வாங்க. நாளைக்குக் கேக்குறேன்."

"சரி சார்."

"கடைசி ஆறு பக்கத்தையும்."

"சரி சார்."

வீட்டுக்கு வந்ததும் சாப்பிடக்கூட இல்லை. கடைசி ஆறு பக்கத்தின் எண்கள் ஏற்கெனவே கிடைத்திருந்தன, அவற்றை அவள் ஒட்டி முடித்தாள். இரண்டா ஏழா என்பதை நான் கேட்டேன். ஒரு மனிதர் தன் கடைசி நாளை இந்தக் காதை நம்பி வைத்திருக்கிறார் என்ற பயத்தில் கேட்டேன். அந்தப் பயத்தோடு முதல் தடவையே கேட்டிருந்தால் பதினொன்றைத் தொட்டே இருக்க மாட்டேன். வழுக்குவது இப்போது அவ்வளவு தெளிவாகத் தெரிந்தது. "ஏழு" என்றேன். "நிச்சயமா?" என்று அவள் கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு 411-ஐயும் பக்கத்தில் இருந்ததையும் அடித்து, 407 என்று எழுதினாள்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்குச் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. விடிகாலையிலேயே போய்விட்டாராம். அவள் பை தோளில் தொங்க அப்படியே நின்றாள். "இன்னைக்குக் கேக்குறேன்னு சொன்னாரே" என்றாள். இரண்டு தடவை சொன்னாள்.

ஒலித்தட்டு வந்துவிட்டது. நான்கு வாசிப்பாளர்களும் கேட்டுவிட்டு ஒரு குறையும் சொல்லவில்லை. அதில் இருப்பது நானூற்று ஏழு. யார் வேண்டுமானாலும் வாங்கிக் கேட்கலாம், பிழையில்லாமல் கேட்கலாம். அதை எழுதிப் பதினொரு வருஷம் காத்திருந்தவர் ஒரே தடவை கேட்டார், என் நானூற்றுப் பதினொன்றோடு கேட்டார். ஒரு கால் சுரம்தானே என்று மகள் ஆறுதல் சொல்கிறாள். அந்த மனிதரிடம் போய்ச் சொல்லிப் பார்க்கட்டும்.

சொன்னபடி இவள் ஒலிப்பதிவுக் கூடத்துக்குப் போய் உண்மையைச் சொல்லிவிட்டு வந்தாள். காதுக்குக் கருவி வைத்திருக்கிறோம். வாஷிங் மெஷின் கேட்கிறது. அந்த மூன்று பக்கம் கேட்கவில்லை, இனிமேலும் கேட்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இப்போது பகலில் என் கடையில் உட்கார்ந்து ஃபிரேம் எடுத்துக் கொடுக்கிறாள். கொண்டையில் பென்சில் இல்லை.

போன ஞாயிறு நான் எழுந்து வந்தபோது ஸ்கோர் மேசையின் இடது ஓரத்தில் இருந்தது. அதன் மேல் நூலகத்தின் மூன்றாவது கடிதம், அதன் மேல் ரப்பர்.

"என்னால முடியாது" என்றேன்.

"விதி விதிதான். அடுத்து வாசிக்கிறவங்களுக்கு வெள்ளையாப் போகணும்" என்றாள். காபியும் அவளே போட்டுக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

முதல் பக்கத்திலிருந்து அழித்தேன். அவள் கையெழுத்தும், நான் பூதக்கண்ணாடி வைத்துப் படித்துச் சொன்ன எண்களும், எல்லாம் போனது. முப்பத்தெட்டாம் பக்கம் வந்தது. அடித்திருந்த 411, அதன் பக்கத்தில் 'அவர்'. தேய்த்தேன். கரி போய்விட்டது. விளக்கைச் சாய்த்துப் பார்த்தேன், அந்தச் சொல்லின் பள்ளம் அப்படியே இருந்தது. மறுபடி தேய்த்தேன். இன்னும் கொஞ்சம் தேய்த்தேன்.

"போதுங்க, கிழிஞ்சிடும்" என்று என் கையைப் பிடித்தாள்.

தூளை ஊதிவிட்டு, பக்கத்தை அவளே புரட்டினாள்.